வளிமெத்தை ஊர்தியைத் திசைதிருப்பும் முறை

ஓடும் ஊர்தி எதுவாயினும் அதற்கு மூன்று ஆற்றல்கள் இன்றியமையாதன. முன்செல்லும் ஆற்றல் ஒன்று. வேண்டிய திசையில் திரும்பும் ஆற்றல் மற்றொன்று. வேண்டியவிடத்து நிற்கும் ஆற்றல் பிறிதொன்று. தேர், மாட்டுவண்டி, துவிச்சக்கரவண்டி, மோட்டர்க் கார் என்பவற்றில் இம்மூன்றையும் வாய்க்கச் செய்வது நிலத்துக்கும் சில்லுக்கும் இடையேயுள்ள உராய்வாகும். வள்ளத்திலும் கப்பலிலும் நீர் அத்தொழிலை ஆற்றுகின்றது. நிலத்தையும் நீரையும் தொடாது, தானே உண்டாக்கிய காற்றின்மீது மிதந்து செல்லும் ஊர்தியொன்றுக்கு இவை எங்ஙனம் வாய்க்கும்? ஆங்கிலத்தில் ஹோவர்கிராப்ட் என வழங்கும் வளிமெத்தை ஊர்தியைத் தம் கையாலேயே அமைக்க முற்படுவோர் யாவரும் எதிர்கொள்ளும் வினா இதுவே. மேலெழும் வகையை எளிதாக அமைத்துக்கொண்ட பலர் திரும்பும் வகையிலேயே இடர்ப்படுகின்றனர். அவ்விடர்ப்பாட்டின் காரணத்தையும், அதனைத் தீர்க்கும் முறையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்தியின் தோற்றம்

வளிமெத்தையின்மேற் கலத்தைச் செலுத்தலாம் என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பற் பொறியியலாளரிடையே தோன்றியதாயினும், அதனைச் செயலிற் காட்டிய பெருமை கிறித்தோபர் கொக்கரல் (1910 – 1999) என்னும் ஆங்கிலப் பொறியியலாளரையே சாரும். அவர் 1955ஆம் ஆண்டில், சிறியதொரு தகரப்பேணியைப் பெரியதொரு பேணியினுள் வைத்து, இரண்டுக்கும் இடையேயுள்ள வளைய இடைவெளியின் வழியே காற்றைக் கீழ்நோக்கி ஊதி, அதனால் விளையும் விசையைச் சமையலறைத் தராசொன்றினால் அளந்தார். வெறுங் குழாயொன்றினால் ஊதும்போது கிடைப்பதிலும் மிகுந்த விசை அவ்வமைப்பிற் கிடைப்பதைக் கண்டு, அவ்வாண்டு டிசெம்பரிலே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வைற் தீவிலுள்ள கௌஸ் நகரில் சோண்டர்ஸ்-றோ நிறுவனத்தார் கட்டிய எஸ்.ஆர்.என்.1 என்னும் ஊர்தி 1959 யூன் 11ஆம் நாள் மக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. அதே ஆண்டு யூலை 25ஆம் நாள் அது பிரான்சின் கலே துறையினின்றும் புறப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் டோவரை அடைந்தது. லூயி பிளேரியோ விமானத்தில் அக்கால்வாயைக் கடந்த நாளின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு அன்றாகும்.

அப்பயணத்தில் கொக்கரலும் உடனிருந்தார். அவர் மேற்றளத்தில் அங்குமிங்கும் இடம்மாறி நின்று, தம் உடலின் நிறையால் ஊர்தியைச் சமநிலையில் வைத்தார் என்பது பின்னர்க் கூறப்படும் ஒரு கருத்துக்குத் துணையாகும் செய்தியாதலின் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

எஸ்.ஆர்.என்.1 முதலிற் பாவாடை இல்லாமலே இயங்கியது. ஊர்தியின் விளிம்பைச் சுற்றித் தொங்கிக் காற்றை அடக்கிவைக்கும் நெகிழ்வான துணித்திரையையே பாவாடை என்பர். சிசில் லற்றிமர் நீடம் என்பார் வகுத்த இம்முறை கைக்கொள்ளப்பட்டபின், சிறிய எஞ்சினைக் கொண்டும் போதிய உயரத்துக்கு ஊர்தியை எழுப்ப இயன்றது. அதன் பயனாக 1960களின் நடுப்பகுதியிலிருந்து இங்கிலாந்திற் பொழுதுபோக்காளர் பலர் ஒட்டுப்பலகை, கண்ணாடி நார், பழைய மோட்டர்ச் சைக்கிள் எஞ்சின் ஆகியவற்றைக் கொண்டு தத்தம் வீட்டுக் கொட்டகைகளில் ஊர்திகளை அமைத்து, புல்வெளிகளிலும் ஏரிகளிலும் பந்தயம் ஓட்டத் தலைப்பட்டனர். இவ்வகைச் சிற்றூர்தியே இனி ஆராயப்படுவது.

இடரின் வேர்

ஒருவர் ஏறிச்செல்லும் ஊர்தியொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. ஓட்டுபவர் உட்பட அதன் திணிவு 250 கிலோகிராம், நீளம் 3 மீற்றர், அகலம் 1.8 மீற்றர். அதன் நிறை ஏறக்குறைய 2,450 நியூற்றன். அந்நிறை 5.4 சதுர மீற்றர்ப் பரப்பிற் பரவுதலால், மெத்தையினுள்ளே வேண்டப்படும் மிகையமுக்கம் சதுர மீற்றருக்கு 450 நியூற்றன் அளவே. இது வளிமண்டல அமுக்கத்தில் இருநூறில் ஒரு பங்கிலும் குறைந்தது. இத்துணைச் சிறிய அமுக்கத்தாற் கால் தொன் பாரம் எழுந்து நிற்பது வியப்பூட்டினும், உண்மையில் ஊர்தியை எழுப்புவது மிக எளிது என்பதனையே இக்கணக்குக் காட்டுகின்றது.

எழுந்த ஊர்தி உராய்வை இழக்கின்றது. ஒரு விரலால் தள்ளினும் அது நகரும். மாப்பூசிய கரம் பலகையிற் சுண்டிவிட்ட காய், பக்கச் சட்டத்தை முட்டும்வரை நேர்கோட்டிற் செல்வதைப் பலரும் கண்டிருப்பர். காய் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சென்றாலும் அது செல்லும் கோடு மாறுவதில்லை. வளிமெத்தை ஊர்தியின் நிலையும் இதுவேயாம்.

நியூற்றனின் முதல் விதி கூறுவது யாதெனின், புறவிசையொன்று தாக்காதவரை பொருளொன்று நேர்கோட்டிற் சீரான வேகத்துடன் இயங்கும் என்பதாம். ஆகவே ஊர்தி வளைந்து செல்லவேண்டுமாயின், வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை அதன்மேற் றாக்க வேண்டும். காரின் முன்சில்லைத் திருப்பும்போது அச்சில்லின் இறப்பர் நிலத்தைப் பற்றிப் பக்கவிசையை ஈட்டிக்கொடுக்கின்றது. வள்ளத்தின் சுக்கானைத் திருப்பும்போது வள்ளத்தின் நீண்ட பக்கமும் அடிமரமும் நீரைச் சரித்துத் தள்ள, நீர் எதிர்த்துத் தள்ளுகின்றது. இவ்விரண்டிலும் முன்புறம் திரும்பினாற் பாதையும் உடன் திரும்பும். அதனால் முன்புறத்தைத் திருப்புதல், பாதையைத் திருப்புதல் என்னும் இருவேறு செயல்களும் ஒன்றே என மக்கள் எண்ணிப் பழகிவிட்டனர். வளிமெத்தை ஊர்தியில் அவ்விரண்டும் முற்றிலும் பிரிந்து நிற்கின்றன. சுக்கான் திருப்புவது ஊர்தியின் மூக்கை மட்டுமே. பாதையைத் திருப்பும் பணி, மூக்குத் திரும்பியபின் விசிறி தரும் தள்ளுவிசையைச் சார்ந்தது. இவ்வுண்மையை உணராது அமைக்கப்படும் சுக்கான் எத்துணை வலிமை வாய்ந்ததாயினும் ஓட்டுபவருக்கு உதவாது.

கணக்குக் காட்டும் உண்மை

மேற்கூறிய ஊர்தியின் விசிறி 400 நியூற்றன் தள்ளுவிசையைத் தருமெனக் கொள்க. அது செக்கனுக்கு 10 மீற்றர், அஃதாவது மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வடக்கு நோக்கிச் செல்கின்றது. ஓட்டுபவர் அதனைக் கிழக்கு நோக்கித் திருப்ப விரும்புகின்றார்.

முதலில் மூக்குத் திரும்புதலை நோக்குக. விசிறியைச் சூழ்ந்த வளையக் கூட்டின் விட்டம் 0.9 மீற்றராயின், அதன் வழியே வெளிப்படும் காற்றின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 23 மீற்றராகும். அக்காற்றோட்டத்தில் 80 சதமமீற்றர் உயரமும் 20 சதமமீற்றர் அகலமும் உடைய மூன்று சுக்கான்கள் நிற்க, அவற்றை 15 பாகை திருப்பினால் ஏறக்குறைய 120 நியூற்றன் பக்கவிசை கிடைக்கும். சுக்கான்கள் ஊர்தியின் புவியீர்ப்பு மையத்துக்கு 1.6 மீற்றர் பின்னால் அமைந்திருப்பின் அவ்விசையின் திருப்பம் 190 நியூற்றன் மீற்றரளவாகும். நிலத்தின் உராய்வு தடுக்காமையால் இச்சிறு திருப்பமே ஊர்தியை விரைவாகச் சுழற்றப் போதும். முதற்பாதி நேரம் சுக்கானை ஒருபுறமும், சுழற்சியை அடக்குவதற்காக மறுபாதி நேரம் எதிர்ப்புறமும் பிடித்தால், மூக்குத் தொண்ணூறு பாகை திரும்பி நிற்க இரண்டரைச் செக்கனுக்கு மேற் செல்லாது.

இனிப் பாதை திரும்புதலை நோக்குக. மூக்குக் கிழக்கை நோக்கியபின்னரும் ஊர்தி வடக்கு நோக்கியே வழுக்கிச் செல்கின்றது. கிழக்கு நோக்கிய தள்ளுவிசை கிழக்கு வேகத்தைக் கூட்டுமேயன்றி வடக்கு வேகத்தைச் சிறிதும் குறைக்காது. எனவே ஊர்தி வடகிழக்காகச் செல்லும். வடக்கு வேகத்தை முற்றாக அழித்து, அதற்கு ஒப்பான கிழக்கு வேகத்தைப் பெறவேண்டுமாயின், மூக்கைக் கிழக்கையும் கடந்து தென்கிழக்கு நோக்கித் திருப்பித் தள்ளவேண்டும். அங்ஙனம் தள்ளும்போதும் மாற்றவேண்டிய வேகம் செக்கனுக்கு 14 மீற்றர். 400 நியூற்றன் விசை 250 கிலோகிராம் திணிவுக்குத் தரும் ஆர்முடுகலோ செக்கனுக்குச் செக்கன் 1.6 மீற்றர் மாத்திரமே. ஆகவே இம்மாற்றம் நிறைவேற ஏறக்குறைய ஒன்பது செக்கன் வேண்டும்.

மூக்குத் திரும்ப இரண்டரைச் செக்கன். பாதை திரும்ப ஒன்பது செக்கன். இவ்விரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் இப்பொருளின் சாரம் முழுதும் அடங்கும். புதிதாக ஓட்டுபவர் மூக்குத் திரும்பியதைக் கண்டு ஊர்தி திரும்பிவிட்டதென எண்ணுகின்றார். அது பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே செல்வதைக் கண்டு, சுக்கான் போதாதென மேலும் திருப்புகின்றார். ஊர்தி பம்பரம்போற் சுழலத் தொடங்குகின்றது; பாதையோ மாறுவதில்லை.

வளைவின் ஆரையையும் இவ்வாறே கணிக்கலாம். தள்ளுவிசை முழுவதும் மையநாட்ட விசையாகப் பயன்பட்டாலும், மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் இவ்வூர்தி திரும்பக்கூடிய மிகச் சிறிய வளைவின் ஆரை 62 மீற்றருக்குக் குறையாது. உலர்ந்த தெருவில் அதே வேகத்திற் செல்லும் கார் 15 மீற்றர் ஆரையுடைய வளைவிற் றிரும்பிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் ஊர்தியின் வளைவு நாலிலொன்றாகச் சுருங்கி அதுவும் 16 மீற்றரளவில் அமையும். ஆதலின் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தலும், வளைவை அடைவதற்கு நெடுமுன்னரே மூக்கைத் திருப்பத் தொடங்குதலும் ஓட்டுபவர் கற்கவேண்டிய முதற் பாடங்களாம்.

சுக்கானின் அமைப்பு

சுக்கானை விசிறியின் காற்றோட்டத்தினுள்ளே நிறுத்தவேண்டும் என்பது முதல் விதி. ஊர்தி மெதுவாகச் செல்லும்போது புறத்தே வீசும் காற்றின் வேகம் மிகக் குறைவு. விசிறியின் பின்னோட்டமோ ஊர்தி நிற்கும்போதும் வலிதாக வீசும். இதனாலேயே சுக்கான்கள் வளையக் கூட்டின் பின்விளிம்பில் நிலைக்குத்தாகப் பொருத்தப்படுகின்றன. விசிறிக்குப் பின்னே பொருத்துதலில் வேறொரு நன்மையும் உண்டு. முறிந்த துண்டோ கழன்ற சுரையோ காற்றோடு பின்னே வீசப்படுமேயன்றி, விசிறியின் அலகினுட் புகாது.

அகன்ற ஒரே சுக்கானிலும் ஒடுங்கிய மூன்று அல்லது நான்கு சுக்கான்கள் சிறந்தன. உயரத்தை நோக்க அகலம் குறைந்த தகடு ஒரே பரப்பிற்கு மிகுந்த பக்கவிசையைத் தரும் என்பது விமான இறக்கைகளின் ஆராய்ச்சியாற் றெளிந்த உண்மை. மேலும், பல சுக்கான்கள் காற்றோட்டத்தின் முழு அகலத்தையும் தழுவி நிற்கும். பின்னோக்கி அதிகம் நீண்டு இடத்தை அடைப்பதுமில்லை. ஆயினும் நடுவிற் பொருத்தும் சுக்கான் விசிறியின் குடத்துக்கு நேர்பின்னே அமையுமாயின் அங்குக் காற்றோட்டம் குறைவாதலின் பயனும் குறையும்.

சுக்கானைத் திருப்பும் கோணத்துக்கும் எல்லை உண்டு. ஏறக்குறைய 15 பாகை வரை கோணம் கூடக்கூடப் பக்கவிசையும் கூடும். அதற்கு மேற் காற்றோட்டம் தகட்டின் ஒரு பக்கத்தை விட்டு விலகிச் சுழிக்கத் தொடங்கும். பக்கவிசை பெரிதும் கூடாது. காற்றைத் தடுக்கும் விசை மட்டும் கூடித் தள்ளுவிசையை விழுங்கும். ஆகையால் இருபுறமும் 30 பாகைக்கு மேற் றிரும்பாதவாறு தடைமுளைகள் அமைத்தல் நன்று.

பிணைச்சல் அமையும் இடம் நுணுகி நோக்கற்பாலது. முன்விளிம்பிலேயே பிணைத்தாற் சுக்கானைத் திருப்ப மிகுந்த பலம் வேண்டும். ஓட்டுபவரின் கை விரைவிற் களைப்புறும். முன்விளிம்பினின்றும் அகலத்தின் நாலிலொரு பங்குக்குச் சற்று முன்னே, 20 சதமமீற்றர் அகலமுள்ள சுக்கானில் 4 சதமமீற்றர் தூரத்தில், பிணைச்சற் கோலைப் பொருத்தினாற் காற்றின் விசை கோலுக்கு அண்மையிலே தாக்குதலின் கைக்குச் சுமை குறையும். கோலை அதற்கும் பின்னே தள்ளிவிடலாகாது. தள்ளின், சிறிது திருப்பியவுடன் காற்றே சுக்கானைப் பிடித்து முழுக்கோணத்துக்கும் இழுத்துச் செல்லும். கையை விட்டாற் சுக்கான் தானே நடுநிலைக்கு மீளவேண்டும் என்பதே நல்ல அமைப்பின் அடையாளம்.

சுக்கானை மெல்லிய ஒட்டுப்பலகையாலோ அலுமினியத் தகட்டாலோ செய்யலாம். இலேசான நுரைப் பிளாத்திக்கை இறக்கை வடிவிற் செதுக்கி, கண்ணாடி நாரும் பிசினும் பூசினால் உறுதியும் இலேசும் ஒருங்கே வாய்க்கும். எஞ்சினின் அதிர்வு இடைவிடாது தாக்குவதால், சுரைகள் தாமே கழலாத பூட்டுச்சுரைகளாய் இருத்தல் வேண்டும்.

கையும் சுக்கானும் இணையும் வழி

சுக்கான்கள் ஒவ்வொன்றின் மேலும் சமநீளமான சிறு நெம்புகளைப் பொருத்தி, அவற்றை ஒரே குறுக்குக் கோலால் இணைத்தால் எல்லாச் சுக்கான்களும் ஒருங்கே திரும்பும். அக்குறுக்குக் கோலை ஓட்டுபவரின் கைபிடியோடு இணைப்பது கம்பி வடமாகும். துவிச்சக்கரவண்டியின் பிறேக் வடம் இழுக்க மட்டும் வல்லது, தள்ள வல்லதன்று. அதனைப் பயன்படுத்துவோர் இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இரு வடங்களை அமைக்கவேண்டும். சிறு இயந்திரப் படகுகளிற் பயன்படும், இழுக்கவும் தள்ளவும் வல்ல தடித்த வடம் ஒன்றேயாயினும் போதும். வடம் எதுவாயினும் அதனைக் கூரிய வளைவின்றி இட்டுச்செல்லல் வேண்டும். வளைவு தோறும் உராய்வு கூடும். உராய்வு கூடிய வடத்திற் சுக்கான் கையைப் பின்பற்றாது தயங்கி, பின்னர்த் திடீரெனத் தாவும். ஊர்தியின் மூக்கு எளிதிற் சுழலும் இயல்பினதாதலின் இத்தகைய தாவல் தீங்கு பயக்கும்.

சிற்றூர்திகளில் வட்டச் சில்லிலும் துவிச்சக்கரவண்டியின் கைபிடி போன்ற அமைப்பே பெரிதும் விரும்பப்படுகின்றது. ஓட்டுபவர் எழுந்தும் சாய்ந்தும் இயங்கவேண்டியிருப்பதும், எஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை அதே கையில் அமைக்க இயலுவதும் அதற்குக் காரணங்களாம். அந்நெம்பு கைவிட்டவுடன் தானே தாழ்நிலைக்கு மீளுமாறு சுருள்வில்லோடு அமைதல் வேண்டும். ஓட்டுபவர் தூக்கியெறியப்படின் எஞ்சின் நின்றுவிடுமாறு, எஞ்சினை நிறுத்தும் ஆளியின் கயிற்றை அவருடைய மணிக்கட்டிற் கட்டிக்கொள்ளுதலும், விசிறியின் முன்னும் பக்கத்தும் உறுதியான கம்பிவலை அமைத்தலும் எவ்வாற்றானும் தவிர்க்கப்படலாகாதவை.

விசையைக் குறைத்தலின் கேடு

காரோட்டுபவர் இடர் நேர்கையில் இயல்பாகவே விசையைக் குறைப்பார். வளிமெத்தை ஊர்தியில் இப்பழக்கம் பெருங்கேடு விளைக்கக்கூடும். சுக்கானுக்கு உயிர் தருவது விசிறியின் காற்றே. விசையைக் குறைத்தாற் காற்று ஒடுங்கும், சுக்கான் செயலற்றுப்போகும். ஒரே விசிறியின் காற்றில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தகடொன்றினாற் பிரித்துக் கீழே செலுத்தி ஊர்தியை எழுப்பும் அமைப்புச் சிற்றூர்திகளிற் பெருவழக்காய் உள்ளது. இவ்வமைப்பில் விசை குறைந்தால் மெத்தையும் தளரும்; ஊர்தி தாழ்ந்து தரையை உரசும். எழுப்புவதற்கு ஒன்றும் தள்ளுவதற்கு ஒன்றுமாக இரண்டு எஞ்சின்களை அமைத்தோர் இவ்விரண்டையும் வேறுவேறாக அடக்கியாளும் வசதி பெறுகின்றனர். ஆயினும் பாரமும் செலவும் கூடுகின்றன.

ஊர்தியை நிறுத்தும் முறையும் திருப்பும் முறையின் ஒரு பகுதியே. மூக்கை நூற்றெண்பது பாகை திருப்பி, வந்த வழியை நோக்கித் தள்ளுதலே தள்ளுவிசையைக் கொண்டு நிறுத்தும் வழி. மேற்கூறிய ஊர்தி 36 கிலோமீற்றர் வேகத்திற் செல்கையில், சுழல்வதற்குள்ளே 30 மீற்றர் வரை சென்றுவிடும். பின்னர் எதிர்த்தள்ளலால் நிற்க மேலும் 31 மீற்றர் வேண்டும். ஆகவே அறுபது மீற்றருக்குக் குறைந்த தூரத்தில் தடையொன்றைக் காண்பவர் பிந்தியே காண்கின்றார் எனலாம். சிலர் சுக்கானுக்குப் பின்னே இரு வளைந்த தடுப்புகளை அமைத்து, அவற்றை மூடிக் காற்றை முன்னோக்கித் திருப்புகின்றனர். இரண்டையும் மூடினால் ஊர்தி வேகந் தணியும். ஒன்றை மட்டும் மூடினால் அப்பக்கம் திரும்பும். மெத்தையைத் தாழ்த்திப் பாவாடையைத் தரையில் உரசவிடுதல் இறுதி வழி. வேகம் மிகுந்தபோது இதனைச் செய்தால் மூக்குத் தரையிலோ நீரிலோ குத்தி, வாற்புறம் முன்னே சுழன்று வரக்கூடும். புவியீர்ப்பு மையத்துக்கு முன்னே தாக்கும் உரசல் ஊர்தியைத் தடுமாறச் செய்யும். பின்னே தாக்கும் உரசல் நிலைநிறுத்தும். பாரத்தைச் சற்றுப் பின்னே அமைக்கும் வழக்கம் இதனால் எழுந்ததாகும்.

காற்று, சரிவு, உடற்சாய்வு

ஊர்தி பற்றிக்கொள்ள யாதுமின்மையால் மென்காற்றும் அதனை அலைக்கழிக்கும். செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்திற் பக்கவாட்டில் வீசும் காற்று, இரண்டு சதுர மீற்றர் பக்கப்பரப்புள்ள ஊர்தியின்மேல் ஏறக்குறைய 77 நியூற்றன் விசையைத் தாக்கும். இது தள்ளுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு. நேர்ப்பாதையிற் செல்ல விரும்புபவர் மூக்கைப் பதினொரு பாகையளவு காற்றை நோக்கித் திருப்பி, நண்டுபோற் சரிந்தே செல்லவேண்டும். நிலத்தின் சரிவும் இத்தகையதே. பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் ஊர்தியைக் கீழே இழுக்கும் விசை 245 நியூற்றன். ஆறுக்கு ஒன்று என்னும் சரிவில் தள்ளுவிசை முழுவதையும் செலவிட்டாலும் ஊர்தி நின்ற இடத்திலேயே நிற்கும். தெருவின் நடுமேட்டிலும் அது ஓரத்தை நோக்கி வழுக்கும். ஆதலின் தெரு இதற்குரிய இடமன்று.

எனினும் சரிவின் இவ்வியல்பையே துணையாக்கிக்கொள்ளும் வழியும் உண்டு. திரும்பும்போது ஓட்டுபவர் வளைவின் உட்புறம் சாய்ந்தால் ஊர்தியும் உட்புறம் சாயும். மூன்று பாகை சாய்ந்தாலே மெத்தையின் தூக்குவிசை ஏறக்குறைய 128 நியூற்றன் உள்நோக்கித் தள்ளும். இது தள்ளுவிசையின் மூன்றிலொரு பங்குக்கு அண்மையது. அன்றியும், எழுந்த வெளிப்புற விளிம்பின் கீழாகக் கசியும் காற்று ஊர்தியை உட்புறம் உந்தும். 1959இல் கொக்கரல் மேற்றளத்தில் இடம்மாறி நின்றதன் பயன் சமநிலை பேணுதல். இன்றைய பந்தய ஓட்டுநர் உடலைச் சாய்ப்பதன் பயன் பாதையை வளைத்தல். இரண்டிலும் உடலே ஊர்தியின் ஓர் உறுப்பாகின்றது.

பேரூர்திகள் தரும் பாடம்

பேரூர்திகளை அமைத்தோரும் சுக்கான் ஒன்றையே நம்பியிருக்கவில்லை. 1968 முதல் 2000 ஒற்றோபர் 1 வரை ஆங்கிலக் கால்வாயிற் பயணிகளையும் கார்களையும் ஏற்றிச்சென்ற எஸ்.ஆர்.என்.4 வகை ஊர்திகளில் நான்கு பெரும் விசிறிகள் தூண்களின்மேல் நின்றன. அத்தூண்களையே திருப்பித் தள்ளுவிசையின் திசையை மாற்றுமாறு அவை வகுக்கப்பட்டிருந்தன. மூக்கை முதலிற் றிருப்பாமலே பாதையைத் திருப்ப இதனால் ஓரளவு இயன்றது. 1965 முதல் சவுத்சீக்கும் வைற் தீவின் றைட் நகருக்கும் இடையே இன்றும் வளிமெத்தை ஊர்திகள் சேவையில் உள்ளன. அவ்வழியில் முன்னர் ஓடிய ஏ.பி.1-88 வகை ஊர்தியின் முன்பக்கத்தில், எத்திசையிலும் திருப்பவல்ல காற்றுக் குழாய்கள் இருந்தன.

இத்துணை வசதிகள் இருந்தும் காற்றின் வலிமையை முற்றாக வெல்ல இயலவில்லை. 1985 மார்ச்சு 30ஆம் நாள், பிரின்செஸ் மார்கிறற் என்னும் எஸ்.ஆர்.என்.4 ஊர்தி பலத்த காற்றிடையே டோவர்த் துறைமுகத்தினுட் புகுகையில் அலைதடுப்புச் சுவரில் மோதிற்று, நால்வர் உயிரிழந்தனர். பயிற்சி மிக்க மாலுமிகள் செலுத்திய பேரூர்திக்கே இது நேர்ந்ததெனின், வீட்டில் அமைத்த சிற்றூர்தியை ஓட்டுபவர் காற்றையும் இடவெளியையும் எத்துணைக் கவனத்தோடு மதிப்பிடவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சோதித்தறியும் முறை

ஊர்தி முற்றுப்பெற்றவுடன் ஓட்டத் தொடங்குதல் அறிவுடைமையன்று. முதலில் உருளைக் கோலொன்றின்மேல் அதனை வைத்துச் சமநிலை பெறும் இடத்தைக் கண்டு, புவியீர்ப்பு மையத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர், ஆட்கள் விலகி நிற்க, உடலின் இருபக்கத்தும் கட்டிய கயிறுகளைச் சுக்கான்களுக்குப் பின்னே ஒன்றுசேர்த்து, விற்றராசின் வழியாக உறுதியான மரமொன்றிற் பிணைத்து எஞ்சினை இயக்கினால் தள்ளுவிசையை நேரே அளக்கலாம். 400 நியூற்றன் தள்ளுவிசை தராசில் ஏறக்குறைய 41 கிலோகிராம் எனத் தோன்றும். அடுத்து விற்றராசை மூக்கிற் பக்கவாட்டாகப் பிணைத்துச் சுக்கானைத் திருப்பினால் திருப்பத்தின் அளவு தெரியும். புவியீர்ப்பு மையத்தினின்றும் 1.5 மீற்றர் முன்னே பிணைத்த தராசு 13 கிலோகிராம் காட்டுமாயின் மேற்கணித்த அளவு கிடைத்ததாகும். இடத்துக்கும் வலத்துக்கும் அளவு வேறுபடின், விசிறியின் காற்றுச் சுழன்று வருவதே பெரும்பாலும் காரணமாயிருக்கும். சுக்கான்களின் நடுநிலையைச் சற்றே மாற்றியோ, விசிறிக்குப் பின்னே அசையாத தகடுகளைப் பொருத்திக் காற்றை நேராக்கியோ அதனைச் சீர்செய்யலாம். சுக்கானின் இருபக்கத்தும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிவிட்டால் அவை தகட்டோடு படிந்து நிற்கும் கோணத்தையும், பதறித் துடிக்கத் தொடங்கும் கோணத்தையும் கண்ணாலே காணலாம்.

இவையெல்லாம் நிறைவுற்றபின், காற்றற்ற நாளில், மக்களில்லாத பரந்த சமதரையில், நடைவேகத்தில் ஓட்டம் தொடங்கலாம். கைபிடியை இடம் திருப்பினால் மூக்கு இடமே திரும்புகின்றதா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். அவ்வாறு திரும்பும்போது ஊர்தி முதற்கணத்திற் சற்றே வலம் நகரக் காணலாம். சுக்கான் பின்புறத்தை வலம் தள்ளியே மூக்கை இடம் திருப்புகின்றதாதலின் இது குறையன்று, அமைப்பின் இயல்பே.

வளிமெத்தை ஊர்தியின் சுக்கானைச் செய்ய வேண்டிய பொருள்கள் சில பலகைத் துண்டுகளும் கோல்களும் வடமுமேயாம். ஓரிரு நாளில் அதனைச் செய்து முடிக்கலாம். அச்சுக்கான் ஆற்றும் தொழில் யாது, ஆற்றாத தொழில் யாது என்பதைப் பகுத்தறிதலே காலமும் கருத்தும் வேண்டும் பணி. நிலம் தந்த உராய்வை இழந்த ஊர்திக்கு, அதனை ஓட்டுபவரின் முன்னறிவே ஈடுசெய்ய வேண்டும். திரும்புமிடம் வருமுன்னரே திரும்பத் தொடங்குபவரும், நிற்குமிடத்தை நெடுந்தொலைவிலேயே தேர்ந்துகொள்பவருமே அதனைச் செலுத்தத் தக்கவராவர்.